வசந்தாக்காவின் கறுப்பு முடி

என் வசந்தாக்காவுக்கு,

'அன்புள்ள'ன்னு ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அன்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, ஆனா கோபம் முந்திக்கிட்டு வந்து நிக்குது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மத்தவங்க எல்லாம் உன்னைத் தெய்வமாக்கிட்டாங்க. இன்னும் உன்மேல கோபம் ஆறாம இருக்கிறது நான் ஒருத்திதான்னு நினைக்கிறேன்.

ரெண்டு மாசம் முன்னாடி உன் முதல் வருஷ நினைவு நாள். உன் வூட்டுக்காரர், என் மாமா, பேப்பர்ல உன் போட்டோ போட்டிருந்தாரு. எந்தப் போட்டோ தெரியுமா? மாமல்லபுரம் பீச்சுல மெரூன் கலர் புடவையில, காத்துக்கு முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பியே, அது. தலைமுடி கன்னங்கரேல்னு இருக்கு. அந்தக் கறுப்பு என் கையால வந்தது. பேப்பரைக் கசக்கி எறிஞ்சேன். அப்புறம் நானே போய்ப் பொறுக்கி, நீவி, மடிச்சு பீரோல வெச்சேன்.

இந்தக் கடிதத்தை ஊர் படிக்கட்டும்னுதான் எழுதறேன். நீ இருந்திருந்தா 'வாயை மூடுடி சுமதி'ன்னு அதட்டியிருப்ப. இருபத்தேழு வருஷம் மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். படிக்கறவங்களுக்குப் புரியணும்ல, அதனால உனக்குத் தெரிஞ்ச கதையை உனக்கே சொல்ல வேண்டியிருக்கு. பொறுத்துக்கோ.

உனக்கு இருபத்தோரு வயசுல நரைக்க ஆரம்பிச்சது. ஒண்ணு ரெண்டு இல்ல, முன் நெத்தியில இருந்து உச்சி வரைக்கும் ஒரு பட்டை. அம்மா எண்ணெய் மாத்திப் பாத்தாங்க, சாமிக்கு வேண்டிக்கிட்டாங்க, கடைசியில உன்னையே திட்ட ஆரம்பிச்சாங்க. அப்போதான் அணுபுரத்துல இருந்து அணுமின் நிலையத்துல வேலை பாக்கிற மாப்பிள்ளை, குவார்ட்டர்ஸ் இருக்கு, பென்ஷன் இருக்குன்னு மாமாவோட ஜாதகம் வந்துச்சு. பொண்ணு பாக்க வர நாலு நாள்தான் இருந்துச்சு. கடையில விக்கிற டையைப் போட்டா உனக்கு முகம் பன் மாதிரி வீங்கிடும். "ஏ சுமதி, உனக்குதான் மருதாணி நல்லா வருமே, இவளுக்கு எதையாவது போட்டு கறுப்பாக்குடி"ன்னு அம்மா என் தலையில கட்டினாங்க. எனக்கு அப்போ பதினெட்டு வயசு.

முதல் தடவை நான் பண்ணின கூத்து உனக்கு மறந்திருக்காது. மருதாணி போட்டு செவப்பாக்கின பிறகுதான் மேல அவுரி இலைப் பொடி, நீலச் சாயம் குடுக்குமே அது, போடணும், அப்போதான் கறுப்பு வரும்னு எனக்கு யார் சொன்னா? கறுப்புதானே வேணும், செவப்பு எதுக்குன்னு நேரா அவுரியைக் குழைச்சு அப்பிட்டேன். அலசினா வெள்ளை முடி அத்தனையும் கிளிப்பச்சை. அம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. பொண்ணுக்குக் காய்ச்சல்னு சொல்லி அனுப்பி ஒரு வாரம் தள்ளிப் போட்டோம். நீ கண்ணாடியைப் பாத்து பாத்து சிரிச்ச. உன்னைப் பாத்து நானும், கடைசியில அம்மாவும் சிரிச்சுட்டோம். நாம மூணு பேரும் அந்த விஷயத்துல சிரிச்சது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த வாரம் சரியாப் போட்டேன். மருதாணியை டீ டிகாஷன்ல குழைச்சு இரும்பு வாணலியில ஊற வெச்சு, தலையில மூணு மணி நேரம். அலசினா வெள்ளை முடி எல்லாம் ஆரஞ்சு. அதுக்கு மேல அவுரி. அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணியில துளி உப்பு போட்டுக் குழைச்சா, பத்து நிமிஷத்துல பச்சை மேல நீலம் பூக்கும். பூத்த அரை மணிக்குள்ள தலைக்கு ஏறிடணும். விட்டா செத்துடும், அப்புறம் சேறுதான். அலசின அன்னைக்கு ஒரு மாதிரி பச்சையடிக்கும், ரெண்டு நாள்ல கறுப்பு இறங்கும். உனக்கு இறங்கின கறுப்பைப் பாத்து அம்மா எனக்கு திருஷ்டி சுத்தினாங்க. மாமா வந்தாரு, பாத்தாரு, பிடிச்சிருக்குன்னுட்டாரு.

கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லிடலாம்னு நீ ஒரு தடவை சொன்ன. அம்மாதான் "தாலி ஏறட்டும்"னாங்க. தாலி ஏறின பிறகு "ஒரு புள்ள பொறக்கட்டும்"னாங்க. நித்யா பொறந்த பிறகு நீயே சொல்லல. அம்மா போயும் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்குப் பிறகாவது நீ வாயைத் திறந்திருக்கலாம் இல்ல?

நீ திறக்கல. மூணு வாரத்துக்கு ஒரு தடவை நான் செங்கல்பட்டுல பார்லரைப் பூட்டிட்டு, ஊற வெச்ச மருதாணியைத் தூக்குவாளியில போட்டு எடுத்துக்கிட்டு, திருக்கழுக்குன்றம் பஸ்ஸைப் பிடிச்சு உன் வூட்டுக்கு வருவேன். மாமாவுக்குக் காலை ஷிஃப்ட் இருக்கிற நாளாப் பாத்து சொல்லுவ. காலண்டர்ல அந்தத் தேதியில சின்னதா ஒரு புள்ளி வெப்ப. பொடி பாக்கெட்டை அரிசி டிரம்முக்குப் பின்னாடி ஒளிச்சு வெப்ப. தலகாணிக்குக் கறுப்பு உறைதான். மழையில நனையமாட்ட. குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் வேளாங்கண்ணிக்கு டூர் போனாங்க, நீ போகல. நித்யா ஸ்கூல்ல நீச்சல் கத்துத் தரோம்னு அம்மாக்களைக் கூப்பிட்டாங்க, போகல. பத்து நாள் கேரளா போலாம்னு மாமா கேட்டப்ப முட்டி வலின்னு பொய் சொன்ன.

ஒரு தடவையாவது நான் "போதும்க்கா, வுட்டுடு"ன்னு சொன்னேனா? சொல்லல. எனக்கும் அதுல ஒரு பெருமை இருந்துச்சு. ஊர்ல எல்லாரும் 'வசந்தாவுக்கு இந்த வயசுல முடியைப் பாரு'ன்னு சொல்றப்ப உள்ளுக்குள்ள குளிரும். அதையும் இங்கயே எழுதி வெச்சுடறேன், ஒளிக்கறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல.

இப்போ என் கோபத்தோட காரணத்துக்கு வரேன்.

மார்ல கட்டின்னு தெரிஞ்சு டாக்டர் உடனே ஆபரேஷன்னு சொன்ன அன்னைக்கு நீ முதல்ல யாருக்குப் போன் பண்ணின? எனக்கு. என்ன சொன்ன? பயமா கீதுன்னா சொன்ன? "ஆஸ்பத்திரில எத்தினி நாள் போடுவாங்களோ தெரில சுமதி. மாமா கூடவே இருப்பாரு. வேர் வெளிய வந்துடும். நீ ஒரு தபா வந்து போட்டு வுட்டுடு, அப்பால சேந்துக்கறேன்." நான் என்ன சொன்னேன்? "முகூர்த்த நாள் வரிசையா கீதுக்கா, ரெண்டு வாரம் பொறு." கல்யாணப் பொண்ணுங்களுக்கு அலங்காரம் பண்ண ஒத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு வாரம் கழிச்சு வந்து போட்டேன். போட்ட பிறகாவது போனியா? கறுப்பு இறங்கட்டும்ன, தீபாவளி போகட்டும்ன, அதுக்குள்ள மறுபடி வேர் வந்துடுச்சுன்ன. நானும் மறுபடி வந்தேன். கையில தூக்கோட.

கடைசியில தை மாசம் சேர்ந்த. டாக்டர் "முன்னாடியே வந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சு, என் மூஞ்சியைப் பாத்துட்டு பாதியில நிறுத்திட்டாரு. மருந்து ஏத்தினதும் ரெண்டே வாரத்துல முடி கொட்டிப் போச்சு. நான் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பாத்துப் பாத்து வளத்த கறுப்பு, கையால வாரி குப்பைக் கூடையில போட்டேன். அப்புறம் முளைச்சது அத்தனையும் வெள்ளை. அப்பவும் நீ மாமாகிட்ட என்ன சொன்ன? "மருந்தாலதாங்க இப்டி வெள்ளையா மொளைக்குது." சாகக் கிடக்கறப்பவும் பொய். மாமா தலையை ஆட்டினாரு. உன் தலையைத் தடவிக் குடுத்தாரு. அவ்ளோதான். ஏழு மாசத்துல நீ போயிட்ட.

நீ போனப்ப 'சுமங்கலியாப் போனா, குடுத்து வெச்சவ'ன்னு வந்தவங்க எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

இதுவரைக்கும் உனக்குத் தெரிஞ்சது. இனிமே சொல்றது தெரியாது.

நித்யாவுக்கு உன் முடிதான் வந்திருக்கு. காலேஜ் முடிக்கறதுக்குள்ள நெத்தியில அதே பட்டை. நாவலூர் ஆபீஸுக்குத் துப்பட்டாவைத் தலையில சுத்திக்கிட்டுப் போகும். உன்னை மாதிரியே கடை டையும் ஒத்துக்கல, ஒரு தடவை போட்டுட்டு ரெண்டு கண்ணும் மூடிக்கிச்சு. இப்போ ஒரு வரன் வந்துச்சு. கேளம்பாக்கத்துக்காரங்க. பையனும் அங்கேயே பக்கத்து ஆபீஸ். ரெண்டு பேரும் ஒரு மாசமா போன்ல பேசிக்கிறாங்க, உன் பொண்ணு போனைப் பாத்து தனியா சிரிக்குது. எனக்குப் புரிஞ்சுபோச்சு, பிடிச்சிருக்கு அதுக்கு.

போன புதன்கிழமை மாமா போன் பண்ணினாரு. "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்கம்மா. நீ முன்னாடியே வந்துடு. வசந்தாவுக்குப் போடுவியே, அதே மாதிரி நித்யாவுக்கும் போட்டு வுட்டுடு."

சரின்னு சொல்லிட்டு போனை வெச்சேன். வெச்ச பிறகுதான் உரைச்சுது. வசந்தாவுக்குப் போடுவியே? அப்போ மாமாவுக்குத் தெரியுமா? அன்னைக்குப் பார்லர்ல ஒரு பொண்ணுக்குப் புருவம் எடுத்துக்கிட்டு இருந்தவ, ஒரு பக்கத்தை எடுத்துட்டு அப்படியே நின்னுட்டேன்.

வெள்ளிக்கிழமை நித்யா லீவு போட்டிருந்துச்சு. காலையில மருதாணி வெச்சேன், மதியம் அலசினேன். உன் பாத்ரூம், உன் ஸ்டூல், உன் சொம்பு. வெள்ளை எல்லாம் ஆரஞ்சா எழுந்து நின்னுச்சு. "சித்தி, கொத்தமல்லிக் கட்டுல கேரட் துருவிப் போட்ட மாதிரி கீது"ன்னு கண்ணாடியைப் பாத்து சிரிச்சுச்சு. ஹால்ல உக்காந்து அவுரியைக் குழைச்சேன். நீலம் பூத்துச்சு. கையுறை போட்டுக்கிட்டு எழுந்திருக்கறப்ப மாமா ஷிஃப்ட் முடிச்சு உள்ள வந்தாரு. சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"மாமா, அக்காவுக்கு நான் போடறது உங்களுக்கு எப்போ தெரியும்?"

செருப்பைக் கழட்டிக்கிட்டே, சாதாரணமா, "கல்யாணமாயி மூணாம் மாசமே தெரியும்மா"ன்னாரு.

"இன்னாது?"

"அப்போ தலகாணிக்கு வெள்ள உறைதான், அதுல செவப்பு ஒட்டிக்கினு இருந்துச்சு. காதுக்குப் பின்னாடி நீலமா இருக்கும். அரிசி டிரம்ம நகத்தறப்ப பாக்கெட்டு உழும், எடுத்து இருந்த எடத்துலயே வெச்சுடுவேன். நீ வர்ற அன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சும் அரை மணி கேன்டீன்ல உக்காந்துட்டு வருவேன். அலசிக் காய வெக்க அவளுக்கு டைம் வேணும்ல."

அக்கா, அவர் அதை எவ்ளோ ஆசையா சொன்னாரு தெரியுமா? ஏதோ உனக்குப் பண்ணின பெரிய உபகாரம் மாதிரி. எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. நான் கத்தினது பக்கத்து குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.

"தெரிஞ்சுகினு இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல சும்மா இருந்தீங்களா? 'தெரியும் வசந்தா'ன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

"அவளா மறைக்கணும்னு நெனச்சா. நான் கேட்டா அசிங்கப்பட்டுடுவாளே சுமதி. அவ மனசு நோகக்கூடாதுன்னுதான்..."

"அவ எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவாம நாள் கடத்தினா, தெரியுமா உங்களுக்கு?"

"பயம்னு சொன்னா."

"பயம்தான். உங்களைப் பாத்துப் பயம். வேர் வெளிய வந்து நீங்க பாத்துடுவீங்கன்னு பயம்!"

சொல்லியிருக்கக் கூடாதோ? இன்னைக்கு வரைக்கும் தெரியல. மாமா கட்டில்ல உக்காந்துட்டாரு. "எனக்கு நரை ஒரு விஷயமே இல்லியே சுமதி"ன்னாரு. அதை அவகிட்ட சொல்லியிருக்கணும்னேன். அம்மாவைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன், முகூர்த்தம் முகூர்த்தம்னு அலைஞ்ச என்னையும் திட்டிக்கிட்டேன். அவரும் திரும்பக் கத்தினாரு. "நீதானே தூக்குவாளிய எடுத்துக்கினு வந்துகினே இருந்த? நீயாவது எங்கிட்ட சொன்னியா?" அதுக்கு நான் இன்னும் சத்தமாக் கத்தினேன்.

நித்யா ஈரத்தலையோட வாசப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டுச்சு.

நாங்க அடங்கறப்ப ஒண்ணரை மணி நேரம் போயிருந்துச்சு. கிண்ணத்தைப் பாத்தா அவுரி செத்துப்போய் சாம்பல் கலர்ல கிடக்கு. வேணும்னேதான் விட்டேனான்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. காலையில முதல் பஸ்ஸுக்கு செங்கல்பட்டு போய் வேற பாக்கெட் எடுத்துட்டு வரேன்னு நித்யாகிட்ட சொன்னேன். "வேணாம் சித்தி. இப்டியே இருக்கட்டும். அம்மா பட்டது போதும்"ன்னுச்சு. அந்தப் பையனுக்கு போட்டோ எடுத்து அனுப்பிச்சு. அவன் சிரிச்சானாம், நல்லா இருக்குன்னானாம். உன்னால முடியாதது உன் பொண்ணால அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. எனக்கு அழுகை வந்துச்சு, பொறாமையாவும் இருந்துச்சு, உனக்காக.

"ஒண்ணு மட்டும் சித்தி. ஞாயித்துக்கெழம யார்கிட்டயும் சண்ட போடாத, இன்னா?" சத்தியம் வாங்கிக்கிச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில மாமா அடுப்படிக்கு வந்தாரு. ரெண்டு நாளா என் முகத்தைப் பாக்காதவரு, அன்னைக்கும் பாக்காமத்தான் சொன்னாரு. "சுமதி, அவங்க வர்றப்போ நீ உள்ளயே இருந்துக்கோம்மா. அவங்க கொஞ்சம் பழைய ஆளுங்க. தப்பா எடுத்துக்காத."

புரிஞ்சுதா? என் வூட்டுக்காரர் போய் பதினாலு வருஷம் ஆச்சு. தாலி இல்லாதவ நல்ல காரியத்துக்கு முன்னால நிக்கக் கூடாது. தலையில மருதாணி அப்பறதுக்கு மட்டும் இந்தக் கை ராசி. நீ இருந்தவரைக்கும் என்னை உள்ள உக்கார விட்டிருக்கியா? நித்யா பெரியவளாகி தண்ணி ஊத்தின அன்னைக்கு, மாமாவோட சொந்தக்காரங்க மூஞ்சியைச் சுளிச்சப்ப, "எந்தங்கச்சி ஊத்தாம யாரும் ஊத்த வேணாம்"னு சொம்பை என் கையில குடுத்தவ நீ. அதுக்கெல்லாம் உனக்கு தைரியம் இருந்துச்சு. உன் முடிக்கு மட்டும் ஏன் இல்லாம போச்சு?

சத்தியம் பண்ணியிருந்தேனே, சண்டை போடல. சரி மாமான்னுட்டு பஜ்ஜிக்கு மாவு கரைச்சேன்.

பத்தரைக்கு வந்தாங்க. பையன், அவன் அம்மா, அப்பா. நித்யா காபி எடுத்துக்கிட்டுப் போச்சு, தலையைப் பின்னி, ஆரஞ்சுப் பட்டை பளிச்சுன்னு தெரிய. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி, இப்போ கேப்பாங்க, இப்போ கேப்பாங்கன்னு நிக்கறேன்.

கேட்டாங்க. பையனோட அம்மா, "மருதாணியாம்மா?"ன்னாங்க. "ஆமா ஆன்ட்டி. உள்ள நரை. சின்ன வயசுலேர்ந்தே"ன்னுச்சு நித்யா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். அந்தம்மா சிரிக்கறாங்க. "இந்தக் காலத்துல யாருக்கு இல்ல? எங்க பெரிய மருமகளுக்கு முப்பது கூட ஆவல, மாசா மாசம் டை அடிச்சிகினு கீறா. முடி இன்னா முடி, வுடும்மா."

அவ்ளோதான் அக்கா. நம்ம அம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டது, நீ காலண்டர்ல புள்ளி வெச்சது, நான் தூக்கு எடுத்துக்கிட்டு ஓடினது, எல்லாத்தையும் அந்தம்மா ஒரு வாய் காபியோட முழுங்கிட்டாங்க.

அப்புறம் பஜ்ஜி சாப்பிட்டாங்க, ஆபீஸ் பத்திப் பேசினாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தம்மா குரல் தணிஞ்சுது. "பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீங்க, தங்கம். எனக்கு ஒண்ணுதான் ரோசனை. அம்மா இல்லாத வூடு. நாளைக்கு ஒரு புள்ள பெத்தா தாய் வூட்டுல பாத்துக்க யாரு கீறாங்க? எனக்கே சுகர், பிரஷரு. அவங்கம்மா வழியில யாருமே இல்லியா?"

மாமா சொன்னாரு. "சித்தி ஒருத்தங்க இருக்காங்க. செங்கல்பட்டுல இருக்காங்க."

அஞ்சடி தூரம் அக்கா. அந்தக் கதவுல இருந்து ஹால் அஞ்சடி. கையில அடுத்த தட்டு பஜ்ஜி. செங்கல்பட்டுல இருக்கேனாம். கதவைத் தள்ளிக்கிட்டு வந்து 'நான்தாங்க அந்தச் சித்தி'ன்னு நிக்க எவ்ளோ நேரம் ஆகியிருக்கும்? பிரசவம் பாக்க மாட்டேனா? பத்தியம் சமைக்க மாட்டேனா? உனக்கு நித்யா பொறந்தப்ப நாப்பது நாள் தூங்காம கிடந்தவ நான்தானே?

நான் வரல. சத்தியத்தை நினைச்சுக்கிட்டு, தாலி இல்லாத கழுத்தை நினைச்சுக்கிட்டு, தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். வந்தவங்க கலந்து பேசிட்டு போன் பண்றோம்னு எழுந்துட்டாங்க. மறுநாள் போன் வந்துச்சு. மரியாதையாத்தான் சொன்னாங்க. பையனுக்கு இஷ்டம்தானாம், பெரியவங்களுக்கு மனசு வரலையாம். தாய் இல்லாத பொண்ணு.

யோசிச்சுப் பாரு. எந்த முடிக்குப் பயந்து நீ ஆஸ்பத்திரிக்குப் போகாம செத்தியோ, அந்த முடியை அவங்க ஒரு பேச்சாவே எடுக்கல. நீ இல்லைங்கறதைத்தான் எடுத்தாங்க. நீ நரைச்ச தலையோட அந்த ஹால்ல உக்காந்திருந்தா இந்நேரம் தேதி குறிச்சிருப்பாங்க. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்லி அழறது? உன்கிட்டதான் சொல்லணும், நீதான் கேக்கணும். நல்லாக் கேட்டுக்கோ.

போன் வந்த அன்னைக்கு சாயந்தரம் நித்யா நேரா என் பார்லருக்கு வந்துச்சு. கண்ணு வீங்கியிருந்துச்சு. கண்ணாடிக்கு முன்னாடி நாற்காலியில உக்காந்துக்கிச்சு. அவன் மேல கோபமா இருக்கும், அப்பா மேல இருக்கும்னு நினைச்சேன். கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு இருந்துட்டுக் கேட்டுச்சு.

"யாரு கீறாங்கன்னு அவங்க கேட்டப்போ நான் அடுப்படிக் கதவையேதான் பாத்துக்கினு இருந்தேன். நீ ஏன் சித்தி வரல?"

"நீதானேடி சும்மா இருன்னு சத்தியம் வாங்கின?"

"சண்ட போடாதன்னுதான் சொன்னேன். வராதன்னு சொன்னேனா?"

உன் தங்கச்சிதானே நானும். மாமா உன்கிட்ட வாயைத் திறக்காம இருந்ததுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் அவரைக் கிழி கிழின்னு கிழிச்சேன். அதே வாயை நானும் மூடிக்கிட்டு நின்னிருக்கேன். அவளைக் கட்டிப் பிடிச்சுக்கலாம்னு போனேன், கையைத் தட்டி விட்டுடுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு, தானாவே என் இடுப்புல தலையைச் சாச்சுக்கிச்சு. சாச்சுக்கிட்டு அழுதுச்சு.

மாமாவும் ராத்திரி போன் பண்ணினாரு. "செங்கல்பட்டுலன்னு சொல்லியிருக்கக் கூடாது சுமதி"ன்னாரு. ஆமா மாமா, கூடாதுன்னேன். அவரை நான் இன்னும் மன்னிக்கல. உன்னையும்தான். என்னைக் கேக்கவே வேணாம்.

ஒண்ணு சொல்லிக்கிறேன் அக்கா, கேட்டுக்கோ. இனிமே உன் பொண்ணைப் பாக்க யார் வந்தாலும் நான் அடுப்படியில நிக்க மாட்டேன். ஹால்ல, அவளுக்குப் பக்கத்துல, நீ உக்கார வேண்டிய நாற்காலியில உக்காருவேன். மூஞ்சியைச் சுளிக்கறவங்க சுளிச்சுட்டுப் போகட்டும். பிரசவத்துக்கு யாருன்னு கேட்டா, கேக்கறதுக்கு முன்னாடியே நான்தான்னு சொல்லுவேன். மாமா தடுத்தா அவர் முன்னாடியே சொல்லுவேன். இதுல நான் தவறினா, நீ என் கனவுல கூட வராத.

இப்படிக்கு,
உன் தங்கச்சி, நித்யாவோட சித்தி,
சுமதி